பிறரைப் பொருட்படுத்தாத போக்கு: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

ஊன்றுகோல்:
காலில் மாவுக்கட்டுடன் மருத்துவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். லிஃப்ட் வந்ததும், எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டார்கள். அதைக்கூட அவசரம் என்று விட்டுவிடலாம். உள்ளே நின்ற இளைஞர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், பிறகு கதவை மூடும் பொத்தானை அழுத்தினார். இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும். இந்தத் தலைமுறைக்கு என்ன ஆயிற்று?

சன்னலோரம்:
தலைமுறையைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரவு ரயிலில், எல்லாரும் படுத்த பிறகும், பெரியவர் ஒருவர் கைப்பேசியில் காணொளிகளை உரக்க ஓடவிட்டுக்கொண்டிருந்தார். மேல் படுக்கையிலிருந்து இறங்கி வந்த கல்லூரி மாணவி, "ஐயா, குழந்தை தூங்குகிறது, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் தலையை நிமிர்த்தாமலே சத்தத்தை இன்னும் கூட்டினார்.

தாழ்வாரம்:
நான் திறந்து பிடித்திருந்த கதவின் வழியே பலர் கடந்து போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால், மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டுமுன் அவசரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். டார்லி, பேட்சன் ஆகிய உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வழியில் துவண்டு கிடந்தவருக்கு, அவசரமில்லாத இறையியல் மாணவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். ஆகவே, கூட்டத்தைப் பார்த்து நிற்காமல், யாராவது ஒருவரைப் பார்த்து வாய்விட்டுக் கேளுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மாணவர்கள் 1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலில் காரணமே சொல்லாமல் இருக்கையைக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்திருக்கிறார்கள். கேட்கத் தயங்குவதால்தான் கிடைக்கக்கூடிய உதவியை நாம் இழக்கிறோம்.

மகள்:
மேலே அந்த மாணவி கேட்கத்தானே செய்தார்? பக்கவாதத்துக்குப் பிறகு என் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. வரிசையில் அவரை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றவரின் தோளைத் தொட்டு, தன் இடத்தைக் கையால் காட்டினார். "வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றார் அவர். அம்மா பேசாமல் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். கேட்க முடியாதவர்களுக்கு உங்கள் ஆலோசனை என்ன?