கடன் வாங்கி உரிமைத் தொகை கொடுப்பது சரியா? தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை 2025–26

பேரேடு:
2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையைப் படித்தேன். வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய், வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது 41,635 கோடி. நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய தொகை, 1,06,963 கோடி. அப்படி வாங்கப்போகும் கடனில் நூற்றுக்கு 39 ரூபாய் பாலத்துக்கோ மருத்துவமனைக் கட்டடத்துக்கோ போகாமல் அன்றாடச் செலவிலேயே கரைந்துவிடும். இந்த நிலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி! 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று அரசே சொல்கிறது. 2012–13 வரை வருவாய் உபரி காட்டிய மாநிலம் இது. கடன் வாங்கிக் கையில் பணம் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

மருதாணி:
ஐயா, 13,807 கோடி என்று மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். சுமார் 1 கோடியே 15 லட்சம் பெண்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் ஆயிரம். நான் அதை வாங்குகிறவள். பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்த அன்றே எங்கள் தெரு மளிகைக் கடையில் பாக்கி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்துவிடுவார். பருப்பு, எண்ணெய், பிள்ளையின் வரைபடத்தாள் என்று இரண்டே நாளில் அந்தப் பணம் ஊருக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. அதில் எங்கள் வீட்டுக்காரரிடம் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இதைக் கரைந்துபோன பணம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனம் கொதித்தது.

பேரேடு:
அம்மா, உங்கள் ஆயிரத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. இந்த ஆண்டு வட்டிக்கு மட்டும் 70 ஆயிரம் கோடிக்கு மேல் போகிறது. வருவாயில் ஐந்து ரூபாய் வந்தால் ஒரு ரூபாய் வட்டிக்காரனுக்கு. மூலதனச் செலவோ 57,231 கோடிதான். புதிதாகக் கட்டுவதைவிடப் பழைய கடனுக்கு வட்டி அதிகம் என்ற நிலையில் எந்தக் குடும்பமாவது மாதாமாதம் புதிய செலவை ஏற்றுக்கொள்ளுமா?

தென்பெண்ணை:
பேரேடு சொல்லும் வட்டி எந்தக் கடனுக்கு? உரிமைத் தொகை தொடங்கியது 2023 செப்டம்பரில். வருவாய்ப் பற்றாக்குறை தொடங்கியது 2013–14இல். இடையில் பத்தாண்டுகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் மாநிலத்தின் நிதிநிலை பற்றி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையை எடுத்துப் பாருங்கள்: 2020–21க்கான வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி. உரிமைத் தொகை இல்லாத ஆண்டில் 61 ஆயிரம் கோடி. அதைக் கொடுக்கும் ஆண்டில் 41 ஆயிரம் கோடி. நோய்க்கு மருந்தையே காரணம் சொல்கிறீர்கள்.

ஒன்றிய அரசின் பக்கத்தையும் நீங்கள் தொடவே இல்லை. ஒன்றிய அரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வரியில் ஒன்பதாவது நிதிக்குழுக் காலத்தில் நம் பங்கு 7.931 விழுக்காடு. பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079. செஸ், மேல்வரி என்று வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடியை தேசியக் கல்விக் கொள்கையைக் காரணம் காட்டி நிறுத்தி வைத்தார்கள்.

பேரேடு:
2020–21 கொரோனா ஆண்டு. கடைகள் மூடிக் கிடந்த ஆண்டை அளவுகோலாக வைப்பது நியாயமில்லை. பங்கு குறைந்தது உண்மை. அதில் உங்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் 41,635 என்பது மதிப்பீடு மட்டுமே. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 14 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்து 2,20,895 கோடியைத் தொடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. அந்த உயர்வு கிடைக்காவிட்டால் பற்றாக்குறை மீண்டும் வீங்கும். 2024–25 திருத்திய மதிப்பீட்டிலேயே 46,467 கோடி.

இரவுப்பணி:
அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பெண்கள் கட்டணமில்லாமல் பேருந்தில் போகும் விடியல் பயணத்துக்கு இந்த முறை 3,600 கோடி. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. விடியற்காலை முதல் பேருந்தில் பூக்கூடையோடும் கட்டட வேலைத் தூக்குச்சட்டியோடும் ஏறுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தக் கூடாத திட்டம் அது. ஆனால் ஓய்வு பெற்ற எனக்கு வரவேண்டிய பணப்பலன் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. திட்டத்தை அறிவிக்கும்போது அதைத் தூக்கிச் சுமக்கும் பணிமனைக்கும் தொழிலாளிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

மருதாணி:
காலை உணவையும் இலவசம் என்று யாராவது பட்டியலில் சேர்க்கும் முன் சொல்லிவிடுகிறேன். அதற்கு 600 கோடி. நகரங்களின் உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். பள்ளி நாள் ஒன்றுக்கு ஒரு பிள்ளைக்குச் சுமார் 14 ரூபாய்தான் வருகிறது. பொங்கலும் காய்கறி சாம்பாரும் இந்த விலைக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

பேரேடு:
காலை உணவை நான் எதிர்க்கவே இல்லை. 46,767 கோடி பள்ளிக் கல்விக்குப் போவதையும் எதிர்க்கவில்லை. யாருக்கு என்று பார்க்காமல் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தென்பெண்ணை:
அப்படியானால் தவறான கதவைத் தட்டுகிறீர்கள். உரிமைத் தொகையில் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கார் இருக்கக் கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கக் கூடாது. எரிசக்தித் துறைக்கு ஒதுக்கிய 21,178 கோடிக்கு வாருங்கள். அதில் பெரும்பகுதி மானியமாக மின் வாரியத்துக்குப் போகிறது. 2016 முதல் வீட்டு இணைப்பு எல்லாவற்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று ஏசி ஓடும் மாடிவீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசமே. மருதாணியின் ஆயிரத்துக்கு மின் கட்டண அட்டையைப் பார்க்கிற அரசு, அந்த மாடிவீட்டுக்கு எதையுமே பார்ப்பதில்லை.

பேரேடு:
இதை மறுக்க மாட்டேன். என் வீட்டுக்கே அந்த 100 யூனிட் வருகிறது. எனக்கு அது தேவையில்லை. ஆனால் தேர்தலுக்கு ஓராண்டு இருக்கும்போது எந்த அரசு அதில் கை வைக்கும்? அதனால்தான் ஏற்கெனவே இருப்பதைக் குறைக்காமல் புதியதைச் சேர்க்காதீர்கள் என்கிறேன்.

மருதாணி:
வசதி உள்ளவர்களிடம் கை வைக்க முடியாது என்பதற்காக எங்களுக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்வது எந்த ஊர் நியாயம் ஐயா? அந்த 100 யூனிட்டை உங்களைப் போன்றவர்கள் முதலில் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வசதியுள்ள வீடுகளை அதிலிருந்து விலக்கச் சொல்லிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மனுவும் போடுங்கள். நானும் அதில் கையெழுத்துப் போடுகிறேன்.