ஆஃப்லைனில் பாட்காஸ்ட் ஓடுகிறது, நடுவில் தாவினால் முதலுக்கே போய்விடுகிறது: சர்வீஸ் ஒர்க்கர் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அம்பை ரயில்:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குத் தினமும் பாசஞ்சரில் வேலைக்குப் போய் வருகிறேன். படித்தது பி.காம்., பார்ப்பது கணக்கு எழுதும் வேலை. ஒரு வருடமாகச் சொந்தமாக ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து படிக்க நேரம் வாய்ப்பதில்லை. ரயிலில் போக வர இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் சின்டாக்ஸ், ஷாப்டாக் ஷோ, ஜாவாஸ்கிரிப்ட் ஜாபர் என்ற மூன்று பாட்காஸ்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன்.

அவர்கள் பேசுகிற வேகத்தில் ஒரு சொல் பிடிபடாமல் போனால் அடுத்த ஐந்து நிமிடமும் சேர்ந்து போய்விடும். அதற்காக நானே ஒரு வலைப்பக்கம் எழுதினேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த நிமிடமும் விநாடியும் பதிவாகும். பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதி வைக்கலாம். பிறகு அந்தக் குறிப்பைத் தொட்டால் ஒலி அந்த இடத்துக்கே தாவ வேண்டும். "14:20 க்ளோஷர்", "31:05 டைமருக்கு முன்னால் ப்ராமிஸ் ஏன் ஓடுகிறது" என்று எண்பது குறிப்புக்கு மேல் சேர்ந்துவிட்டது.

ரயிலில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அம்பை தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போதே சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் முந்தின நாள் ராத்திரி வைஃபையில் எபிசோடை இறக்கி, கேச்சில் (உலாவியின் சேமிப்பில்) வைத்து, பக்கத்துக்கும் நெட்டுக்கும் நடுவில் நின்று பதில் தரும் நிரலான சர்வீஸ் ஒர்க்கர் வழியாக எடுக்கிறேன். ஃபீடில் (எபிசோடுப் பட்டியலில்) இருக்கும் ஒலிக்கோப்பை நேராக எடுத்தால் கார்ஸ் பிழை வந்தது, அதாவது வேறு தளத்தின் கோப்பை அந்தத் தளத்தின் அனுமதி இல்லாமல் படிக்க உலாவி விடவில்லை. எனவே ஒரு சின்ன நோட்.ஜேஎஸ் சர்வர் வைத்து என் முகவரி வழியாகவே வாங்குகிறேன். சொந்த உபயோகத்துக்குத்தான், பொதுவில் விடவில்லை.

இப்போது பிரச்சினை. என் ஆண்ட்ராய்டு க்ரோமில் ஆஃப்லைனில் எபிசோடு முதலில் இருந்து ஒழுங்காக ஓடுகிறது. குறிப்பைத் தொட்டால் 14:20-க்குப் போகாமல் 0:00-க்கு வந்து நிற்கிறது. கூட வேலை பார்க்கும் அக்காவின் ஐஃபோனில் ஆஃப்லைனில் ஓடவே இல்லை. வைஃபை இருந்தால் இரண்டிலும் எல்லாம் சரி.

கேச்சை மூன்று முறை அழித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருப்பதை அப்படியே கேச்சில் போடவும் பார்த்தேன். 206 என்ற நிலை எண் உள்ள பகுதிப் பதிலை ஏற்கமாட்டேன் என்று பிழை வந்தது. பத்து நாளாக இதே இடத்தில் நிற்கிறேன்.

கடையம் காத்து:

ஆன்டெனாபாட் பயன்படுத்திப் பாருங்கள். இலவசம், திறந்த மூல நிரல். எபிசோடை இறக்கி வைத்து ஆஃப்லைனில் கேட்கலாம், தாவலாம், வேகத்தைக் குறைக்கலாம். இதற்காகவா பத்து நாள்?

அம்பை ரயில்:

நன்றி அண்ணா. ஆன்டெனாபாட் என் ஃபோனில் இருக்கிறது, நல்ல செயலிதான். ஆனால் எனக்கு விநாடியோடு சேர்ந்த தமிழ்க் குறிப்பு வேண்டும். சர்வீஸ் ஒர்க்கர் என்ற பெயரையே ஒரு பாட்காஸ்டில்தான் முதலில் கேட்டேன். கேட்டதை வைத்து ஒன்றாவது முழுசாகச் செய்து முடிக்க வேண்டும் என்று இருக்கிறது.

பாளை அண்ணாச்சி:

தங்கச்சி, இரண்டு விவரம் வேண்டும். க்ரோமில் டெவ்டூல்ஸ் (நிரல் எழுதுபவர்களுக்கான கருவிகள்) திறந்து, நெட்வொர்க் பகுதியில் அந்த எம்பி3 வரியை அழுத்திப் பாருங்கள். போகிற கோரிக்கையில் ரேஞ்ச் என்று ஒரு ஹெடர் (கூடவே போகும் விவர வரி) இருக்கிறதா? திரும்பி வரும் பதிலின் நிலை எண் என்ன? ஆன்லைனில் ஒரு தடவை, ஆஃப்லைனில் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

அம்பை ரயில்:

பார்த்தேன் அண்ணாச்சி. இரண்டிலும் ரேஞ்ச் ஹெடர் போகிறது, "பைட்ஸ் 0-" என்று. ஆன்லைனில் 206 வருகிறது. ஆஃப்லைனில் 200 வருகிறது, அளவு 57.6 எம்பி. முழுக் கோப்பும் கேச்சில் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

பாளை அண்ணாச்சி:

அங்கேதான் இருக்கிறது விஷயம். கோப்பில் குறை இல்லை. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று.

ஆடியோ டேக் ஒலிக்கோப்பை மொத்தமாகக் கேட்பது கிடையாது. இந்த பைட்டில் இருந்து இந்த பைட் வரை கொடு என்று துண்டாகக் கேட்கும். அந்தக் கேள்விதான் ரேஞ்ச் ஹெடர். துண்டு கொடுக்கத் தெரிந்த சர்வர் 206 என்று சொல்லி, எந்தத் துண்டு, மொத்தம் எவ்வளவு என்ற கணக்கையும் கன்டென்ட் ரேஞ்ச் ஹெடரில் எழுதி அனுப்பும். 200 என்றால் "முழுசும் இந்தா" என்று அர்த்தம். பூக்காரம்மாவிடம் பத்தாவது முழத்தில் இருந்து இரண்டு முழம் கேட்டால், அவர் அளக்காமல் மொத்தப் பந்தையும் தூக்கிக் கையில் கொடுத்த மாதிரி. க்ரோம் அதை வாங்கி நுனியில் இருந்து பிரிக்க ஆரம்பிக்கிறது. அதனால் முதலில் இருந்து ஓடுகிறது, தாவச் சொன்னால் மறுபடி நுனிக்கு வருகிறது. ஐஃபோனில் உள்ள உலாவியான சஃபாரி கண்டிப்பானது. துண்டு கேட்டுத் துண்டு வராவிட்டால் ஓட்டவே ஓட்டாது. உங்களுக்கு ஒரே கோளாறு இரண்டு ஃபோனில் இரண்டு விதமாகத் தெரிந்திருக்கிறது.

சர்வர் செய்கிற இந்த வேலையை ஆஃப்லைனில் சர்வீஸ் ஒர்க்கர்தான் செய்ய வேண்டும். கேச் தானாகத் துண்டு போடாது. நீங்கள் சொன்ன 206 பிழையும் இதே கதைதான். கேச்சுக்குள் முழுப் பதிலைத்தான் வைக்க முடியும், பகுதியை அது வாங்காது. ஆக, முழுசாக வைத்துக்கொண்டு, கேட்கும்போது வெட்டிக் கொடுக்க வேண்டும்.

சர்வீஸ் ஒர்க்கருக்குக் கோரிக்கை வந்து சேரும் ஃபெட்ச் நிகழ்வில், அந்தக் கோரிக்கைக்கு ரேஞ்ச் ஹெடர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இப்போது செய்வதையே செய்யலாம். இருந்தால் கேச்சில் இருந்து கோப்பை எடுத்து அதன் ப்ளாபை (முழுசாக மெமரியில் ஏற்றாமல் கோப்பைக் கையாளும் வடிவம்) வாங்குங்கள். அர்ரே பஃபராக வாங்க வேண்டாம். ஒவ்வொரு தாவலுக்கும் 57 எம்பி மெமரியில் ஏறி உட்கார்ந்தால் சின்ன ஃபோன் திணறும். பிறகு ஹெடரில் உள்ள தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் பிரித்தெடுத்து, ப்ளாபின் ஸ்லைஸ் கொண்டு அந்தத் துண்டை வெட்டி, 206 நிலை எண்ணோடு புதிய ரெஸ்பான்ஸ் செய்து அனுப்புங்கள். அதில் கன்டென்ட் ரேஞ்ச், கன்டென்ட் லெங்த், கன்டென்ட் டைப் மூன்றும் இருக்கட்டும்.

ரேஞ்ச் மூன்று வடிவத்தில் வரலாம். "100-199" என்றால் இரண்டு எல்லையும் தெரியும். "100-" என்றால் அங்கிருந்து கடைசி வரை. "-500" என்றால் கடைசி 500 பைட். மூன்றாவதைப் பலர் எழுத மறந்துவிடுவார்கள். முழு விதியும் 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற எச்டிடிபி விதி ஆவணத்தில் இருக்கிறது. அந்த ஒரு பகுதியை மட்டும் படித்தால் போதும், பயப்படுகிற அளவுக்கு இல்லை.

சர்வீஸ் ஒர்க்கர் எழுத உதவும் வொர்க்பாக்ஸ் நூலகத்தில் இதற்கென்றே ஒரு ப்ளகின் உண்டு. ஆனாலும் முதல் தடவை கையாலேயே எழுதச் சொல்வேன். இருபத்தைந்து வரிதான் வரும்.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி சொன்னது சரி. இதே மாதிரி செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பைக்காரர் சர்வர் வழியாக எடுத்ததால் தப்பித்தார். நோ கார்ஸ் முறையில் (கார்ஸ் அனுமதி இல்லாமல்) வேறு தளத்தின் கோப்பை நேராகக் கேச்சில் போட்டால் அது ஓபேக் பதிலாக உட்காரும். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் நிரலால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை வெட்டவும் முடியாது. பாட்காஸ்ட் முகவரிகள் பல நேரம் கேட்பவர்களை எண்ணும் தளங்கள் வழியாக இரண்டு மூன்று முறை திருப்பி விடப்பட்டுத்தான் உண்மையான கோப்புக்குப் போகும். வழியில் ஒரு தளம் கார்ஸ் அனுமதி தராவிட்டாலும் மொத்தமும் நின்றுவிடும்.

இடத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். 128 கேபிபிஎஸ் ஒலி ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி பிடிக்கும், 64 என்றால் 28.8. ஃபோனில் இடம் குறைந்தால் உலாவி கேட்காமலே கேச்சைத் துடைத்துவிடலாம். சேமிப்பை நிலையாக வைக்கச் சொல்லி பெர்சிஸ்ட் அழைப்பு ஒன்றைக் கொடுத்து வையுங்கள். கேட்டு முடித்ததை அழிக்க ஒரு பொத்தானும் வேண்டும்.

அம்பை ரயில்:

அண்ணாச்சி, க்ரோமில் வந்துவிட்டது! இன்றைக்குக் காலையில் கல்லிடைக்குறிச்சி தாண்டினதும் ஏரோப்ளேன் மோடு போட்டு 14:20-ஐத் தொட்டேன், அதே வாக்கியத்தில் போய் நின்றது. வீரவநல்லூர் வரைக்கும் ஒவ்வொரு குறிப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தேன்.

ஐஃபோன் மட்டும் இன்னும் மௌனம். அக்காவின் ஃபோனில் வருவதைப் பதிவு செய்து பார்த்தேன். அது முதல் கேள்வியாக "பைட்ஸ் 0-1" என்று கேட்கிறது. நான் அனுப்பிய பதிலில் கன்டென்ட் ரேஞ்ச் 0-1 என்றுதான் இருக்கிறது. கன்டென்ட் லெங்த் 1. அதற்கு மேல் ஒரு கோரிக்கையும் வரவில்லை.

பாளை அண்ணாச்சி:

0-1 என்றால் எத்தனை பைட்? எண்ணிப் பாருங்கள்: பூஜ்யமாவது ஒன்று, ஒன்றாவது ஒன்று. இரண்டு. நீங்கள் ஒன்றுதான் கொடுத்திருக்கிறீர்கள்.

ரேஞ்ச் ஹெடரில் முடிவு எண்ணும் கணக்கில் சேரும். ஸ்லைஸில் முடிவு எண் சேராது, அதற்கு முந்தினதோடு நின்றுவிடும். ஆகவே ஸ்லைஸுக்கு முடிவோடு ஒன்று கூட்டிக் கொடுங்கள். கன்டென்ட் ரேஞ்ச் ஹெடரில் கூட்டாமல் எழுதுங்கள். சஃபாரி அந்த இரண்டு பைட்டைக் கேட்பதே, எதிரே இருப்பவருக்குத் துண்டு கொடுக்கத் தெரியுமா என்று பார்க்கத்தான். அதில் தவறினால் மேற்கொண்டு கேட்காது. க்ரோம் "0-" என்று கடைசி வரை கேட்டதால் உங்களுக்குக் கடைசி ஒரு பைட் மட்டும் குறைந்திருக்கும், காதில் தெரிந்திருக்காது.

சேரன்மகாதேவி மாணவன்:

அக்கா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ஜாவாஸ்கிரிப்ட் ஆரம்பித்திருக்கிறேன். எந்தப் பாட்காஸ்டில் இருந்து தொடங்கலாம்?

தென்காசிச் சாரல்:

தம்பி, சின்டாக்ஸில் தொடங்குங்கள். வெஸ் பாஸ், ஸ்காட் டொலின்ஸ்கி இருவரும் 2017-ல் ஆரம்பித்தது. அவர்கள் தளத்தில் பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. காதில் தப்பியதைக் கண்ணால் பிடித்துக்கொள்ளலாம். கிறிஸ் காயர், டேவ் ரூபர்ட் நடத்தும் ஷாப்டாக் ஷோ 2012-ல் இருந்து வருகிறது. கேட்பவர்கள் அனுப்பும் கேள்விகளை எடுத்துப் பேசுவார்கள், சிஎஸ்எஸ் பக்கம் நிறைய இருக்கும். எதைக் கேட்டாலும் அன்றைக்கே பத்து வரியாவது தட்டிப் பாருங்கள், அப்போதுதான் மனசில் நிற்கும்.

அம்பை ரயில்:

ஐஃபோனிலும் ஓடிவிட்டது அண்ணாச்சி! ஒன்று கூட்டினேன், அவ்வளவுதான். அக்கா மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

கடைசியாக ஒன்று. ஒரு எபிசோடில் 14:20 குறிப்பு சரியாகப் போகிறது, 31:05 குறிப்பு மட்டும் வேறு பேச்சில் விழுகிறது. இந்தக் குறிப்புகள் வைஃபையில் நேராகக் கேட்டபோது எழுதியவை. மறுபடி ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டுமா?

பாளை அண்ணாச்சி:

இது பைட் கணக்கு இல்லை. ஒரு பைட் தவறினால் அரை நிமிடம் தள்ளாது. சில நிகழ்ச்சிகளில் விளம்பரம் கோப்போடு நிரந்தரமாக ஒட்டி இருக்காது. கேட்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பச் செருகி அனுப்புவார்கள். நீங்கள் நேராகக் கேட்ட பிரதியும் பிறகு இறக்கிய பிரதியும் நீளத்தில் வேறாக இருக்கலாம். இரண்டின் மொத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிமேல் எபிசோடை இறக்கிய பிறகுதான் குறிப்பு எழுத விடுங்கள். ஆன்லைனில் இருந்தாலும் கேச்சில் உள்ள பிரதியையே ஓட்டுங்கள். பழைய குறிப்புகளில் விளம்பரத்துக்கு முன்னால் உள்ளதைத் தொட வேண்டாம். பின்னால் உள்ளவற்றில் ஒன்றைக் காதால் கேட்டுச் சரிசெய்து, அந்த வித்தியாசத்தை மற்றவற்றுக்கும் கூட்டிவிடுங்கள்.

அம்பை ரயில்:

பார்த்துவிட்டேன். 42 விநாடி வித்தியாசம். 26-வது நிமிடத்தில் ஒரு விளம்பரம் புதிதாக வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த ஏழு குறிப்புகளையும் திருத்தியாகிவிட்டது, 31:05 இப்போது 31:47.

அண்ணாச்சிக்கும் தென்காசிக்காரருக்கும் ரொம்ப நன்றி. நாளைக் காலை ரயிலுக்கு இரண்டு எபிசோடு இறக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நிரல் முழுவதையும் தமிழ் விளக்க வரிகளோடு இங்கே போடுகிறேன். "-500" வடிவத்தை இன்னும் எழுதவில்லை, அதை முடித்துவிட்டுப் போடுகிறேன். சேரன்மகாதேவித் தம்பி, எங்காவது புரியாவிட்டால் கேளுங்கள்.