பழைய பிக்கப்ல ஏசி போட்டா தலை கனக்குது, கண்ணாடி மூடிக்குது. வெளிக்காத்து எப்படி கொண்டு வர்றது?

செடிவண்டி_அல்சூர்:
அண்ணன்மாரே வணக்கம். என்கிட்ட 1991 மாடல் டீசல் பிக்கப், சிங்கிள் கேப், அப்பா ஓட்டின வண்டி, விக்க மனசில்லாம நானே வச்சு ஓட்டுறேன், ஓசூர் பக்கம் நர்சரில செடி ஏத்திட்டு பெங்களூருக்குள்ள டெலிவரி. டேஷ்போர்டுக்கு கீழ தொங்குற மாதிரி ஏசி வெளில ஒரு கடையில போட்டேன், அப்பவே கதவு பீடிங் எல்லாம் புதுசு மாத்தி, சீட்டுக்கு பின்னாடி சுவத்துல ஃபோம் வச்சு ரெக்சின் அடிச்சாச்சு. கூலிங்ல குறையே இல்ல. ஆனா அத்திபெலேல கண்ணாடி ஏத்துனா பொம்மனஹள்ளி வர்றதுக்குள்ள தலை கனக்குது, கொட்டாவியா வருது, பக்கத்துல தம்பி தூங்கியே போயிடுறான். மழை வந்தா முன் கண்ணாடி உள்பக்கம் புகை மாதிரி மூடிக்குது. வென்ட் லீவரை இழுத்தா காத்தே இல்ல, முன்னெல்லாம் நல்லா வரும். ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்குற ஆக்சிமீட்டரை விரல்ல வச்சு பாத்தோம், 98 சதவீதம் காட்டுது, அதனால உடம்புல பிரச்சனை இல்லன்னு நினைக்கிறேன். என்ன பாக்கணும் சொல்லுங்க.

டீசல்_அண்ணாச்சி:
தம்பி, முதல்ல ஒண்ணு, அந்த 98-ஐ நம்பி உக்காராதீங்க. சைலன்சர் புகை உள்ள வந்து கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஏறியிருந்தாலும் விரல்ல மாட்டுற அந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, நல்லாத்தான் இருக்குன்னு காட்டும். பெட்ரோலை விட டீசல்ல அது கம்மிதான், ஆனா இல்லாம இல்ல, வாசனையும் கிடையாது. பாக்கி வேலை எல்லாம் அப்புறம், வெளிக்காத்து வழி சரியாகுற வரைக்கும் கண்ணாடியை ரெண்டு பக்கமும் கொஞ்சம் இறக்கி வச்சே ஓட்டுங்க, தம்பியையும் பக்கத்துல தூங்க விடாதீங்க.

சீட்டுக்கு பின்னாடி இழுக்குற கண்ணாடி இருக்கா? இருந்தா அதை மட்டும் தனியா திறக்காதீங்க. வண்டி ஓடும்போது கேபினுக்கு பின்னாடி காத்து சுழண்டு திரும்பி வரும், பின்னாடி விடுற புகையும் அதோட சேர்ந்து உள்ள வந்துடும்.

ஜேசிரோடு_மெக்கானிக்:
அண்ணாச்சி சொன்னது சரி. காரணம் ரெண்டு இருக்கலாம், அண்ணாச்சி சொன்ன புகை ஒண்ணு, உள்காத்தே சுத்துறது இன்னொண்ணு, ரெண்டுமே சேர்ந்தும் இருக்கலாம்.

கீழ தொங்குற யூனிட் எதுவா இருந்தாலும் அது கேபின் காத்தையே இழுத்து கூலிங் காயில் வழியா விட்டு திருப்பி உங்க மூஞ்சிலயே அடிக்கும், வெளிக்காத்து ஒரு சொட்டு கூட எடுக்காது. வெளில இருக்குற காத்துல கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 420 பங்கு, நம்ம விடுற மூச்சுல அது 4 சதவீதம் கிட்ட. சிங்கிள் கேப்ல ரெண்டு பேர், பீடிங் புதுசு, எங்கயும் சந்து இல்ல, கால் மணி நேரத்துல 2000 பிபிஎம் தாண்டிடும். கொட்டாவி, தலை கனம் எல்லாம் அதுல வரும். பழைய பீடிங் இருந்தப்போ சந்து வழியா காத்து மாறிட்டு இருந்திருக்கும், அதனால தெரிஞ்சிருக்காது.

வென்ட் லீவர் வேலை செய்யலன்னா பானெட்டை தூக்கி முன் கண்ணாடிக்கு அடியில இருக்குற கவுல் ஜாலியை கழட்டி பாருங்க. வண்டி ஓடும்போது அந்த இடத்துல காத்து அழுத்தம் ஜாஸ்தி, அதனாலதான் அங்க ஓட்டை வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல மரத்தடில நிறுத்துற வண்டிக்கெல்லாம் அங்க குல்மோஹர் இலையும் பூவும் மக்கி கிடக்கும், தண்ணி போற பைப்பும் அடைச்சிருக்கும். ஏசி போடும்போது பைப் போக இடம் வேணும்னு அந்த ஓட்டையையே தகடு வச்சு அடைக்கிற ஆளுங்களும் உண்டு.

சி10_பிரியன்:
நான் ஒரு பழைய ஷெவர்லே சி10 வேலைல கூட இருந்தேன், 67ல இருந்து 72 வரைக்கும் வந்த மாடல். அதுல காலடி பக்கம் கிக் பேனல்லயே வெளிக்காத்து வென்ட் வரும், கதவுல முக்கோணக் கண்ணாடியும் வரும், ஏசி இல்லாமலே அவ்ளோ காத்து. வெளில வாங்குற ஏசி கிட் போடும்போது இடம் பத்தலன்னு அந்த வென்ட்டைத்தான் முதல்ல மூடுவாங்க, கிட்டும் பெரும்பாலும் உள்காத்தையே சுத்துறதுதான். அங்கயும் இதே புலம்பல்தான் ப்ரோ.

ஒண்ணு விட்டுட்டாங்க எல்லாரும். காத்து உள்ள வரணும்னா வெளிய போகவும் வழி வேணும். சில வண்டில பின் சுவத்துலயோ கதவு ஓரத்துலயோ ரப்பர் ஃப்ளாப் இருக்கும், உள்ள அழுத்தம் ஏறினா வெளிப்பக்கமா திறக்கும். நீங்க ஃபோம் அடிச்ச இடத்துல அது இருந்துச்சான்னு பாருங்க.

செடிவண்டி_அல்சூர்:
ரொம்ப நன்றி அண்ணா. பின் கண்ணாடி ஃபிக்ஸட்தான். கவுலை கழட்டினேன், மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரியே தகடு, சுத்தி சீலன்ட் வேற. லீவர் கேபிளை கழட்டி சுருட்டி வச்சிருக்காங்க. ஃபோமை அமுக்கி பாத்தா பின்னாடி ரெண்டு சதுர ஓட்டை கைக்கு தட்டுப்படுது. புகை உள்ள வருதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஜேசிரோடு_மெக்கானிக்:
ராத்திரி இருட்டுல டேஷ்போர்டுக்கு கீழ நல்ல லைட் ஒண்ணு போட்டுட்டு பானெட் பக்கம் இருந்து ஃபயர்வாலை, அதான் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகட்டுச் சுவத்தை, பாருங்க, எங்க வெளிச்சம் ஒழுகுதோ அங்கதான் ஓட்டை. ஏசி பைப் நுழையுற இடத்துல க்ரோமெட் (ஓட்டையை சுத்தி மாட்டுற ரப்பர் வளையம்) இல்லாம விட்டிருப்பாங்க, பெடல் பக்கமும் கியர் லீவர் பூட் கிழிசலும் பாருங்க. எல்லாத்தையும் ரப்பர் க்ரோமெட் போட்டு அடைங்க. இன்ஜின் புகை வெளிய வர்ற மேனிஃபோல்டோட கேஸ்கெட், சைலன்சர் ஜாயின்ட்ல கரி படிஞ்சிருந்தா லீக். முதல்ல அதை மாத்துங்க, அதுக்கு அப்புறம்தான் காத்து வழி வேலை.

தகட்டை எடுத்துட்டு அந்த ஓட்டைல இருந்து ஏசி யூனிட் இழுக்குற வாய் வரைக்கும் வளையுற டக்ட் ஒண்ணு விடுங்க, வாய்ல எலி வராம கம்பி வலை, நடுவுல ஃப்ளாப் வச்சு பழைய லீவர் கேபிளையே மாட்டிக்கலாம். சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்ல வண்டி நிக்கும்போது வெளிக்காத்து தானா வராது, ப்ளோயர் இழுத்தாத்தான் வரும், அதனாலதான் யூனிட்டோட சேர்க்க சொல்றேன். ஃப்ளாப்பை முழுசா திறந்தா ஏப்ரல் வெயில்ல கூலிங் இறங்கும், கொஞ்சமா திறந்து வச்சா போதும். ஆனா முன்னாடி போற லாரி புகை விட்டா அந்த நேரம் மட்டும் மூடிக்கோங்க.

டீசல்_அண்ணாச்சி:
ஃபோம்ல அந்த ரெண்டு சதுரத்தையும் வெட்டி எடுத்துடுங்க, ஃப்ளாப் ரப்பர் காஞ்சிருந்தா புதுசு வெட்டி ஒட்டுங்க, ரப்பர் இல்லாம வெறும் ஓட்டையா விட்டா பின்பக்க புகை அது வழியா வரும். கண்ணாடி மூடுறதுக்கு கால் மிதியடி ஈரமான்னும் பாருங்க. கூலிங் காயில் தண்ணி போற பைப் அடைச்சா உள்ளயே சொட்டி, அந்த ஈரம்தான் கண்ணாடில ஏறும்.

செடிவண்டி_அல்சூர்:
மிதியடி ஈரம்தான் அண்ணாச்சி, நான் மழைத்தண்ணின்னு நினைச்சேன். மேனிஃபோல்டு ஜாயின்ட்லயும் கரி இருக்கு, கேஸ்கெட் சொல்லியாச்சு. டக்ட் எத்தனை இன்ச் வாங்கட்டும்?

ஜேசிரோடு_மெக்கானிக்:
கவுல் ஓட்டையை அளந்துட்டு வாங்க, அதை விட சின்னது வேணாம். வேலை முடிஞ்சதும் வண்டியை நிறுத்தி வச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ப்ளோயரை மட்டும் ஃபுல்லா ஓட விட்டு, கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு பின் ஃப்ளாப் கிட்ட ஊதுபத்தி பிடிங்க. புகை வெளிப்பக்கமா போகணும். உள்பக்கம் திரும்புச்சுன்னா வண்டியை எடுக்காதீங்க, போட்டோ போடுங்க.