பொண்ணோட நாடித்துடிப்பை அப்பா பாக்கலாமா, கூடாதா?

தடகளத்தகப்பன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருமையடிச்சுட்டு விஷயத்துக்கு வரேன், பொறுத்துக்கோங்க.

பொண்ணுக்கு 16 வயசு, 800 மீட்டர் ஓடுறா. பையனுக்கு 13, நீச்சல். எங்க வீட்டுல காலைல 4:45க்கு அலாரம். வாசல்ல ஸ்பைக்ஸ், கொல்லைப்பக்கம் ஈரத்துண்டு. சார்ஜர் மட்டும் அஞ்சு கிடக்கு, ஒண்ணு இன்னொண்ணுக்குப் பொருந்தாது. மெடல் மாட்ட ஆணி தீர்ந்துபோய் இப்ப ஜன்னல் கொக்கியில தொங்குது. காத்தடிச்சா கிணுகிணுன்னு சத்தம் வரும். ராத்திரி அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கிறது ஒரு சுகம், மறைக்க மாட்டேன்.

போன வருஷம் பொண்ணுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். தூக்கம், ஓய்வுத் துடிப்பு, பயிற்சிச் சுமைன்னு அவளோட ஆப்லேருந்து என் போனுக்கு எல்லாம் வரும். ஆபீஸ்ல மீட்டிங் நடக்கும்போதே மேசைக்குக் கீழ பாத்துக்குவேன். துடிப்பு 178 காட்டினா எனக்கு இங்க வேர்க்கும். 800 மீட்டர்ல ஆறு மாசத்துல 2 நிமிஷம் 31 செகண்டுலேருந்து 2:24க்கு வந்துட்டா.

போன ஞாயிறு போட்டி. காலைல ஷூ கட்டிட்டிருந்தவகிட்ட, "நேத்து 5 மணி 40 நிமிஷம்தான் தூங்கியிருக்கே, ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட 8 அதிகம், முதல் ரவுண்டு பாத்து ஓடு"ன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். 2:29 ஓடினா. திரும்பி வரும்போது வண்டியில ஒரு வார்த்தை பேசல. ராத்திரி பாத்தா, பகிர்தல் பட்டியல்லேருந்து என்னைத் தூக்கிட்டா. கேட்டேன். "அப்பா, நீங்க சொல்ற வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன்"னா.

வீட்டம்மா "விட்டுடுங்க"ங்கறாங்க. வாட்ச் வாங்கினது நான், அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகல. மறுபடி சேர்க்கச் சொல்லி வற்புறுத்தலாமா?

கணக்குப்புலி:
சேர்க்கச் சொல்லுங்க சார், இதுல என்ன தயக்கம்? என் பையனுக்கு 15, ஃபுட்பால். மூணு நாளா ஓய்வுத் துடிப்பு 54லேருந்து 63க்கு ஏறிச்சு. கேட்டா "ஒண்ணுமில்லப்பா". பயிற்சிக்கு அனுப்பாம படுக்க வச்சேன், மறுநாள் நெருப்பாக் காய்ச்சல். பசங்க "ஒண்ணுமில்ல"ம்பாங்க. எண் அப்படிச் சொல்லாது. நீங்க பாத்தது தப்பில்ல.

விசில்22:
இருபத்திரண்டு வருஷமா தடகளம் சொல்லிக் கொடுக்கிறவன் எழுதறேன். பாத்தது தப்பா இல்லையாங்கறது அப்புறம். ஷூ கட்டிட்டிருக்கிற பிள்ளைகிட்ட சொன்னது சுத்தத் தப்பு. அந்த நேரத்துல அவளால தூக்கத்தைக் கூட்ட முடியுமா? துடிப்பைக் குறைக்க முடியுமா? முடியாததை எதுக்கு அவ தலையில ஏத்தினீங்க? போட்டி அன்னைக்குத் துடிப்பு கூடத்தான் இருக்கும், உடம்பு தயாராகுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. போன மாசம் ஒரு அப்பா வந்து, "என் பொண்ணு எப்பவும் சிவப்பு மண்டலத்துலயே ஓடறா, குறைங்க"ன்னு நின்னார். துடிப்பு அதிகபட்சத்தை நெருங்கினா ஆப் சிவப்புல காட்டும், அதைச் சொல்றார். அந்தச் சிவப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன், தெரியல. நிறைய ஆப்ல வயசைப் போட்டதும் 220லேருந்து கழிச்சு அதிகபட்சத் துடிப்புன்னு வச்சுக்கும். 16 வயசுன்னா 204. அது 1970கள்ல சில ஆய்வுகளோட புள்ளிகளை வச்சுக் குத்துமதிப்பா இழுத்த கோடு. 2001ல வந்த சூத்திரம் 208லேருந்து வயசுல 0.7 பங்கைக் கழிக்கச் சொல்லுது, அதுல 197 வரும். அதுவும் பெரியவங்களை அளந்து போட்டது. ஒரே வயசுல ரெண்டு பிள்ளைங்களுக்குள்ள இருபது துடிப்பு வித்தியாசம் இருக்கறது சாதாரணம். சராசரியைக் கட்டி வச்சு உங்க பொண்ணை அளக்கறீங்க.

என் மைதானத்துல வாரத்துல ஒரு நாள் எல்லா வாட்சையும் கழட்டி என் தொப்பியில போடணும். 200 மீட்டர் ஓடிட்டு எத்தனை செகண்டுன்னு அவங்களே சொல்லணும். முதல் மாசம் நாலு செகண்டு தப்பும். ஆறாவது மாசம் அரை செகண்டுக்குள்ள சொல்லுவாங்க. அந்தக் கடிகாரத்துக்கு சார்ஜர் வேண்டாம்.

கணக்குப்புலி:
ஐயா, கேக்க நல்லா இருக்கு. ஆனா 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல 400 மீட்டர் தடையோட்டத்துல பி.டி.உஷாவுக்கு வெண்கலம் போனது செகண்டுல நூத்துல ஒரு பங்குல. 55.41க்கும் 55.42க்கும் உள்ள வித்தியாசத்தை உணர்வு சொல்லுமா? கருவிதானே சொல்லிச்சு?

விசில்22:
கருவிதான் சொல்லிச்சு. அது கோட்டுக்கு மேல இருந்த கேமரா, உஷா கையில கட்டின வாட்ச் இல்ல. ஓடினது அவங்க, அளந்தது மைதானம். ரெண்டையும் ஒரே ஆள் பண்ண வேண்டியதில்லைன்னுதான் நானும் சொல்றேன்.

முட்டிவைத்தியர்:
நான் விளையாட்டுக் காயங்களுக்குப் பிசியோதெரபி செய்பவன். ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

மணிக்கட்டில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துத் துடிப்பை ஊகிக்கிறது. பட்டை தளர்ந்தால், கை குளிர்ந்தால், கை வேகமாக ஆடினால் தடுமாறும். சில நேரம் துடிப்புக்குப் பதிலாகக் காலடியை எண்ணிவிடும். ஓடுபவர் நிமிடத்துக்கு 175, 180 அடி வைக்கிறார். கருவி அதையே துடிப்பு என்று காட்டும். தடகளத்தகப்பன் சார், உங்களுக்கு வேர்த்த அந்த 178 மகளின் இதயமா, காலா என்பது எனக்குச் சந்தேகம்தான். இதயத்தின் மின்சைகையைப் படிக்கும் மார்புப் பட்டை இதைவிட நம்பகமானது. ஆனால் அதுவும் ஓய்வுத் துடிப்பு ஏன் ஏறியது என்று சொல்லாது. காய்ச்சலாக இருக்கலாம், பரீட்சை பயமாகவும் இருக்கலாம்.

தூக்கம். எப்போது படுத்தாள், எப்போது எழுந்தாள் என்பதைக் கடிகாரம் ஓரளவு சரியாகச் சொல்லும். "ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்" என்பதெல்லாம் அசைவையும் துடிப்பையும் வைத்துப் போடும் ஊகம்; நிஜமாக அளக்கத் தலையில் மின்முனைகள் ஒட்ட வேண்டும். இந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெட்டு வந்தவர்களைப் பற்றி 2017இல் ஆய்வாளர்கள் எழுதி, அந்தக் கவலைக்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

இப்போது கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. இந்த வயதில் தூக்கச் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் கூடுகிறது, பத்து மணிக்குப் படு என்றால் படுக்க வராது. 4:45க்கு எழுப்புவது நீங்கள். 5 மணி 40 நிமிடம்தான் தூங்கினாய் என்று குறை சொல்வதும் நீங்கள்.

கருவி வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன்: பென்சில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலைக்கதவில் உயரத்தைக் கோடு போடுங்கள். கோடு திடீரென்று தாவினால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மென்மையாக இருக்கும் காலம் அது. முட்டிக்குக் கீழே வலி என்று என்னிடம் வரும் பதின்மூன்று வயதுக்காரர்களில் பலர் அப்போதுதான் வருகிறார்கள். குதிப்பதைக் குறைக்க வேண்டிய மாதம் எது என்று எந்த ஆப்பைவிடவும் கதவு நன்றாகச் சொல்லும்.

தடகளத்தகப்பன்:
சார், அந்த 4:45 வரி நெஞ்சுல குத்திடுச்சு. பதில் இல்ல.

மொட்டைமாடி:
ஆம்பளைங்க மூணு பேரும் துடிப்பு, செகண்டுன்னே பேசிட்டிருக்கீங்க. நானும் ரெண்டு பொண்ணுக்கு அம்மா, ஹேண்ட்பால் ஆடறவங்க. அந்த ஆப்ல மாதவிடாய்க் கணக்கும் இருக்குமே, அதுவும் அப்பா போனுக்கு வருதான்னு யாராவது யோசிச்சீங்களா? நீக்கினதுக்கு அவ சொன்ன காரணம் ஒண்ணு, சொல்லாத காரணம் நாலு இருக்கலாம்.

அப்புறம் வரைபடம். ஸ்ட்ராவான்னு ஓட்டத்தைப் பதிவு பண்ற ஆப், அவங்க 2017 கடைசியில உலகத்துல எல்லாரும் ஓடின பாதையைச் சேர்த்து ஒரு படம் போட்டாங்க. 2018 ஜனவரியில அதைப் பாத்தா, வெளிய தெரியக்கூடாத ராணுவ முகாமுங்க பாலைவனத்துக்கு நடுவுல பளிச்சுன்னு தெரியுது, சிப்பாய்ங்க சுத்திச் சுத்தி ஓடினதால. பயிற்சி எடுத்த சிப்பாய்ங்களே ஆப்போட அமைப்பை (செட்டிங்ஸ்) மாத்த மறந்துட்டாங்க. உங்க பொண்ணு தினமும் ஒரே நேரத்துல ஒரே வாசல்லேருந்து கிளம்பறா. அந்தக் கோடு யாருக்கெல்லாம் தெரியுதுன்னு பாத்தீங்களா? வீட்டைச் சுத்திக் கொஞ்ச தூரம் மறைக்கிற வசதி இருக்கும், அதைப் போடுங்க முதல்ல. அப்பா பாக்க வேண்டிய இடம் அமைப்புப் பக்கம், துடிப்புப் பக்கம் இல்ல.

முட்டிவைத்தியர்:
மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "எரித்த கலோரி" என்று ஒரு எண் வருமே, அது மிகத் தோராயமானது. அதற்கு ஈடாக மட்டும் சாப்பிடும் பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உழைப்புக்குத் தேவையான சக்தி போகாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பில் நுண்விரிசல் வரும். ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதற்குத் தனிப்பெயர் கொடுத்து எச்சரித்தது. பையன்களுக்கும் வரும். அந்த எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

ரிலேநாலாவதுஆள்:
நான் 19. ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் அந்தப் பொண்ணு, அதனால உள்ளிருந்து சொல்றேன் அங்கிள்.

எங்கப்பாவும் இப்படித்தான். காலைல பல் தேய்க்கறதுக்குள்ள "ஆறு மணி நேரம்தானா?"ன்னு ஆரம்பிப்பார். ஒரு நாள் எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு. ராத்திரி வாட்சைக் கழட்டி, தூங்கிட்டிருந்த தம்பி கையில கட்டிட்டு நான் போன் பாத்துட்டிருந்தேன். தம்பிக்கு அப்ப 7 வயசு, அடிச்சுப் போட்ட மாதிரி பத்து மணி நேரம் தூங்குவான். ஒரு வாரம் அப்பா முகத்துல பூரிப்பு. ஆனா சின்னப் பசங்களுக்குத் துடிப்பு அதிகம்னு எனக்குத் தெரியாது. என் ஓய்வுத் துடிப்பு 56லேருந்து 80க்குப் போயிருச்சுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டார். டாக்டர் ஈசிஜி எடுத்து, "நல்லாத்தானே இருக்கா"ன்னு மண்டையைச் சொறிஞ்சார். நான் வாயே திறக்கல. இன்னைக்கு வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது.

கணக்குப்புலி அங்கிள், உங்க பையன் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னது, சொன்னா படுக்க வச்சுடுவீங்கங்கற பயத்துலயும் இருக்கலாம். எண் பொய் சொல்லாதுன்னீங்க. எங்க வீட்ல ஒரு வாரம் சொல்லிச்சு.

கணக்குப்புலி:
நல்லா சிரிச்சேன்மா. (இன்னைக்கு ராத்திரி என் பையன் கையைப் பாக்கப் போறேன்.)

ஆனா ஒண்ணு கேக்கறேன், எல்லாரும் பதில் சொல்லுங்க. விடியாத இருட்டுல தனியா ஓடற பொண்ணு எங்க இருக்கான்னு அப்பாவுக்குத் தெரியணுமா, வேண்டாமா? எல்லாத்தையும் நிறுத்திட்டா அதுவும் போயிடுமே. விழுந்து கிடந்தா?

மொட்டைமாடி:
அது வேற, இது வேற. எங்க இருக்கான்னு தெரியறது காவல், எப்படி இருக்கான்னு தோண்டறது விசாரணை. ஓடற அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இருப்பிடம் தெரியற மாதிரி வைக்கலாமே, வீட்டுக்கு வந்ததும் தானா நின்னுடும்.

விசில்22:
இல்லேன்னா அப்பாவும் கூட ஓடலாம். நான் சும்மா சொன்னேன்.

கணக்குப்புலி:
மேடம், "விசாரணை"ங்கற வார்த்தை பெருசு. பதினாறு வயசுல காய்ச்சலோட மைதானத்துல சுருண்டு விழுந்தா அப்பவும் அப்பாவைத்தான் கேப்பாங்க, "நீங்க கவனிக்கலையா"ன்னு. சார் என்ன முடிவெடுத்தாலும் எடுக்கட்டும். நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன். காலைல சொல்றதை மட்டும் நிறுத்திக்கறேன், அது கோச் ஐயாவுக்காக.

தடகளத்தகப்பன்:
ரெண்டு நாள் கழிச்சு வரேன். பொண்ணுகிட்ட உக்காந்து பேசினேன். பேசினேன்னா, அவ பேசினா. விடியக்காலை ஓட்டத்துக்கு இருப்பிடம் மட்டும் எனக்கு வரும். துடிப்பும் தூக்கமும் வராது. ஏதாவது சரியில்லேன்னா அவளே சொல்லுவா, நான் கேக்கக்கூடாது. அலாரம் 5:30க்குப் போயிருக்கு, பள்ளி இருக்கற நாள்ல வாரத்துக்கு ரெண்டு நாள் காலை ஓட்டமே கிடையாது. மேடம் சொன்ன அமைப்பைப் போய்ப் பாத்தேன். எல்லாமே எல்லாருக்கும் தெரியற மாதிரி திறந்து கிடந்துச்சு. வாங்கின அன்னைக்கு அமைச்சுக் கொடுத்தது நான்தான்.

இதுல நான் எதிர்பாக்காத ஒண்ணு. நாங்க பேசறதைக் கேட்டுட்டிருந்த சின்னவன் வந்து, "அப்பா, என்னோடதை யாருமே பாக்கறதில்ல"ன்னான். போன் முழுக்க அக்காவோட கோடுதான் இருந்திருக்கு. அவன் வாட்ச்ல நேத்து 26 லேப்னு காட்டுது, இவன் 40 அடிச்சேங்கறான். ஏமாத்தறானோன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, மீதி 14 லேப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு கால் மட்டும் அடிக்கிற பயிற்சி. கை அசையலேன்னா வாட்சுக்கு அது நீச்சலே இல்லையாம்.

ரிலேநாலாவதுஆள்:
ஐயோ பாவம். அப்ப அந்த 14ஐ யார் எண்றது?

தடகளத்தகப்பன்:
இன்னைக்கு சாயங்காலம் நான்தான். கரையில உக்காந்து விரல் மடக்கினேன். பதினோராவதுல ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு, எண்ணிக்கை விட்டுப்போச்சு. அவன் தண்ணியிலேருந்து தலையைத் தூக்கி, "பதினொண்ணுப்பா"ன்னான்.