3-கன் மேட்சுக்குப் பேர் கொடுத்தாச்சு, துப்பாக்கி எதுவும் சரியா இல்ல, அவசரமா யோசனை வேணும்

கடலூர்_பையன்
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து இன்னும் ஒரு வருஷம் முடியல. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் 3-கன் மேட்சுக்கு (ஒரே போட்டில மூணு வகைத் துப்பாக்கியும் சுடுறது) வாடான்னார், பணமும் கட்டிட்டேன், கேன்சல் பண்ணா திரும்ப வராதாம். ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் மூணும் அவரோடது. ஊர்ல என்.சி.சி.ல .22 சுட்டதுதான் என் அனுபவம். ரைஃபிள் 25 யார்டுல கரெக்டா நடுவுல அடிக்குது, 100 யார்டுல 6 அங்குலம் மேல போகுது. ஸ்கோப் போச்சா? ஷாட்கன் ரெண்டு மூணு குண்டுக்கு ஒரு தரம் சிக்குது. பிஸ்டலுக்கு எந்தக் குண்டு வாங்கணும்னே தெரியல. அவர் டூர்ல இருக்கார், மேட்சுக்கு முந்தின நாள்தான் வருவார். பயமா இருக்கு, யாராவது சொல்லுங்க.

ஹூஸ்டன்_மச்சான்
இரவல் துப்பாக்கில மேட்ச் ஆடாத தம்பி. சொந்தமா வாங்கு. ரைஃபிளுக்கு 18 அங்குல பேரல், ரைஃபிள் நீள கேஸ் (வாயு) சிஸ்டம், .223 வைல்ட் சேம்பர் (குண்டு உக்காருற அறை). அதுல 1-6 ஸ்கோப், அதாவது 1-லிருந்து 6 மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டுறது. கிட்ட இருக்குற காகித டார்கெட்டுக்கு 1-ல வை, தூரத்து இரும்புக்கு 6-க்குத் திருப்பு. ஷாட்கன்னா பெனெல்லி எம்2, இல்லன்னா பெரெட்டா 1301. பம்ப் ஆக்‌ஷன் பக்கமே போகாத.

மினசோட்டா_மாமி
வாங்குறது அப்புறம் இருக்கட்டும். புதுசா வந்த பிள்ளைங்க முதல் வருஷம் செய்ய வேண்டியது வேற. அபார்ட்மெண்ட் லீஸைத் திறந்து துப்பாக்கி பத்தி ஏதாவது ஷரத்து இருக்கான்னு பாருங்க. ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ்ல துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு போட்டிருப்பாங்க, இரவல் பொருளுக்கு அது கிடைக்குமான்னு கேட்டு வைங்க. கிரெடிட் ஸ்கோர், கார் இன்ஷூரன்ஸ், குளிர்கால டயர் இதெல்லாம் முடிஞ்சுதா? மொத்தத்தையும் விட்டுட்டு ஷாட்கன்னு வந்து நிக்கிறீங்க.

திருச்சி_ரேஞ்ச்_ஆபீசர்
அவர் டெக்சாஸா அலாஸ்காவான்னே தெரியல மாமி, டயரை விடுங்க.

தம்பி, உங்க ஸ்கோப்புக்கு ஒண்ணும் ஆகல. கணக்கு அப்படித்தான் வரும். ஏ.ஆர். வகை ரைஃபிள்ல ஸ்கோப்போட நடுக்கோடு பேரலுக்கு சுமார் 2.6 அங்குலம் மேல இருக்கு. 25 யார்டுல குண்டும் பார்வையும் சந்திக்கணும்னா, குண்டு அந்த 2.6 அங்குலத்தை 25 யார்டுக்குள்ள ஏறியாகணும். அதே சரிவுல தொடர்ந்து ஏறினா 100 யார்டுல பார்வைக் கோட்டுக்கு 8 அங்குலம் மேல நிக்கும். புவியீர்ப்பு அதுல 2 அங்குலம் கழிக்கும். மிச்சம் உங்க 6 அங்குலம்.

50 யார்டுல ஜீரோ பண்ணுங்க, அதாவது அந்தத் தூரத்துல குறியும் குண்டும் ஒரே இடத்துல விழுற மாதிரி ஸ்கோப்பைத் திருத்துங்க. 55 கிரெயின் (எடை அளவு) குண்டு, செகண்டுக்கு 3100 அடி வேகம்னு வெச்சா, 100-ல ஒன்றரை அங்குலம் மேல, 200-ல ஏறக்குறைய நடுவுல, 300-ல 6, 7 அங்குலம் கீழ. 7 யார்டுல 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே கீழ விழும். பக்கத்து டார்கெட்டோட தலைப் பகுதியைக் குறி வெக்கிறப்ப இதை மறந்தா குண்டு கழுத்துல போய் உக்காரும், ஸ்டேஜ் (மேட்சோட ஒரு சுத்து) டென்ஷன்ல நிறைய பேர் இதைத்தான் மறக்குறாங்க. ஸ்கோப் அரை எம்.ஓ.ஏ. (கோண அளவு, ஒண்ணுக்கு 100 யார்டுல சுமார் ஒரு அங்குலம்) கிளிக்கா இருந்தா 50 யார்டுல ஒரு கிளிக் கால் அங்குலம். மூணு குண்டுக் கூட்டத்தை நம்பி திருகைத் திருப்பாதீங்க, 10 சுட்டு நடுவைக் கண்டுபிடிங்க.

அது சரி, எந்த ஸ்டேட்? எந்த விசா? ஷாட்கன் எந்த மாடல், எந்தக் குண்டு போடுறீங்க? இதைச் சொல்லாம மேல எதுவும் சொல்ல முடியாது.

டாலஸ்_டப்பாஸ்
50 யார்டெல்லாம் பழைய கதை சார். 100-ல ஜீரோ வை. குண்டு எங்கயும் பார்வைக்கு மேல போகாது, ஸ்கோப்ல இருக்குற கோடுகளும் நேரா பொருந்தும்.

திருச்சி_ரேஞ்ச்_ஆபீசர்
ஸ்கோப்புல குண்டு இறங்குற அளவைக் காட்டுற கோடுகள் இருந்தா 100, ஒத்துக்குறேன். வெறும் புள்ளியோ வட்டமோ மட்டும்னா 50. மேட்ச் எவ்வளவு தூரம் போகும்னு அவர் சொல்லட்டும், பிறகு சண்டை போடலாம்.

ஹூஸ்டன்_மச்சான்
ஷாட்கன் சிக்குறதுக்கு ஒரே காரணம்தான், மலிவுக் குண்டு. பக்கவாட்டுல ஷெல் கேரியர், மேல ரெட் டாட் (புள்ளி காட்டுற குறி) எல்லாம் மாட்டி வெயிட் ஏத்துனா இனர்ஷியா துப்பாக்கி (பின்னுதையை வெச்சே இயங்குறது) போதுமான அளவு பின்னால உதைக்காது. உதைக்கலன்னா போல்ட் முழுசா திறக்காது. 1⅛ அவுன்ஸ், 1200 அடி வேகக் குண்டு போடு, சரியாயிடும்.

டாலஸ்_டப்பாஸ்
இல்ல ப்ரோ. மலிவுக் குண்டுல அடிப்பாகம் பித்தளை இல்ல, இரும்புல மெலிசா பூச்சு. சூடான சேம்பர்ல வீங்கிப் புடிச்சுக்கும். உதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆஸ்டின்_அண்ணாச்சி
ரெண்டு பேரும் பாதி பாதி சரி. பிரிச்சுப் பாக்குறது சுலபம். சிக்கினதும் குழாயை ரேஞ்சோட மண்மேட்டுப் பக்கம் நீட்டி, விரலை டிரிக்கர்ல இருந்து எடுத்துட்டு, போல்ட் கைப்பிடியை இழுங்க. பல்லைக் கடிச்சு இழுத்தாத்தான் வருதுன்னா சுட்ட காலி ஷெல் சேம்பர்ல ஒட்டியிருக்கு. அப்போ சேம்பரை வெண்கல பிரஷ்ல தேய்ச்சு, பித்தளை அடி வெச்ச குண்டுக்கு மாறுங்க. வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு வருது, காலி ஷெல் மட்டும் வாய்ல மாட்டி நிக்குதுன்னா உதை போதல. தோள்ல தளர்வாப் புடிச்சாலும் இனர்ஷியா துப்பாக்கி அதே மாதிரி மாட்டும். மூணாவதா ஒண்ணு இருக்கு: காலி ஷெல் வெளிய போயிடுது, ஆனா அடுத்த குண்டு மேல வரல. அது குண்டுகளை அடுக்கி வெக்கிற டியூப்போட பிரச்சனை. எக்ஸ்டென்ஷன் டியூப்போட இணைப்புல பிசிறு இருந்தா ஃபாலோயர் (குண்டைத் தள்ளுற மூடி) அங்க தட்டி நிக்கும், ஸ்பிரிங் தளர்ந்தா கடைசி ரெண்டு குண்டு சோம்பிப் போகும். டம்மி குண்டை முழுசா நிரப்பி ஒவ்வொண்ணா வெளிய விட்டுப் பாருங்க, எந்த இடத்துல தயங்குதுன்னு கண்ணுக்கே தெரியும்.

நியூஜெர்சி_நாராயணன்
டெக்சாஸ்காரங்க பேசுறதைப் பாத்தா வயிறு எரியுது. இங்க பெர்மிட்டுக்கு அலைஞ்சே வயசாயிடும், 10 ரவுண்டுக்கு மேல மேகசினே கூடாது. குண்டு விலை வேற. ஒரு மேட்சுக்கு மூணு துப்பாக்கிக்கும் சேர்த்து வாங்குற காசுல ஊருக்கு பாதி டிக்கெட் போட்டிடலாம்.

மினசோட்டா_மாமி
கிரீன் கார்டு வரிசையே நகர மாட்டேங்குது, இதுல துப்பாக்கி விளையாட்டு. பிள்ளைங்க காலேஜ் முடிச்சிடும், நம்ம தேதி வராது.

நியூஜெர்சி_நாராயணன்
ஈபி-2 கிரீன் கார்டு வரிசை பத்தித் தனியா ஒரு ராமாயணம் பாடலாம் மாமி. என்னோட பிரையாரிட்டி டேட்டை...

திருச்சி_ரேஞ்ச்_ஆபீசர்
போதும் போதும். கடலூர் தம்பி, விசா?

கடலூர்_பையன்
ஹெச்-1பி சார். டெக்சாஸ். மேட்ச் இந்த செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, 300 யார்டு வரைக்கும் டார்கெட் இருக்காம். ஸ்கோப்ல வட்டம் மட்டும்தான். ஷாட்கன் எம்2, பக்கத்துல ஷெல் கேரியர் மாட்டியிருக்கார். நான் போட்டது 1 அவுன்ஸ் லைட் குண்டு. இழுத்தா சுலபமா வருது. மூணும் இப்போ என் அபார்ட்மெண்ட்லதான் இருக்கு. மேட்சுக்குப் பதிவு பண்ணிட்டா விசாக்காரங்களும் சுடலாம்னு அவர் சொன்னாரே? போன நவம்பர்ல அவரோட வேட்டைக்குப் போனப்ப லைசென்ஸ் கூட எடுத்தேன், ஹண்டர் எஜுகேஷன் கிளாஸை அப்புறம் முடிக்கலாம்னு தள்ளிப்போடுற வசதில.

திருச்சி_ரேஞ்ச்_ஆபீசர்
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கணும். ஜீரோ, ஷாட்கன் சிக்கல் எல்லாம் அப்படியே ஓரமா வைங்க.

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 எல்லாமே குடியேறா விசா. ஃபெடரல் சட்டம் 18 யு.எஸ்.சி. 922(ஜி)(5)(பி) படி இந்த விசாவுல இருக்குறவங்க துப்பாக்கியோ குண்டோ வெச்சிருக்கக் கூடாது. சொந்தமா இரவலான்னு சட்டம் கேக்காது. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துக் கையில புடிச்சாலும் கணக்குதான். தண்டனை 15 வருஷம் வரைக்கும், அதோட நாடுகடத்தலும் சேரும். விதிவிலக்கு 922(ஒய்)(2)-ல இருக்கு. வேட்டைக்கோ துப்பாக்கி விளையாட்டுக்கோன்னே நாட்டுக்குள்ள அனுமதிக்கப்பட்டவங்க ஒரு வகை. நீங்க வேலைக்கு வந்தவர், அது உங்களுக்குப் பொருந்தாது, மேட்ச் ரசீதும் அதை மாத்தாது. உங்களுக்குப் பொருந்துற வகை, ஏதாவது ஒரு ஸ்டேட் கொடுத்த செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் கையில இருக்குறது.

நீங்க நவம்பர்ல எடுத்தீங்க. டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாசம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ஓட முடியும். அது முடிஞ்சு போச்சு, இன்னைக்கு உங்க கையில செல்லுபடியாகுற லைசென்ஸ் இல்ல. அதனால இன்னைக்கே அவருக்கு ஃபோன் போட்டு, சட்டப்படி வெச்சிருக்கத் தகுதியான ஒருத்தரை அனுப்பி மூணையும் குண்டுகளோட எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நீங்களே கார்ல போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க.

ஆஸ்டின்_அண்ணாச்சி
புது லைசென்ஸ் ஆகஸ்ட் 15-ல இருந்தே விக்குறாங்க. ஆனா தம்பி, அந்தத் தள்ளிப்போடுற வசதி ஒரே ஒரு தடவைதான். 1971 செப்டம்பர் 2-லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்களுக்கு ஹண்டர் எஜுகேஷன் கட்டாயம். 17 வயசு ஆனவங்க ஆன்லைன்லயே முடிக்கலாம். டெக்சாஸ்ல தொடர்ந்து 6 மாசத்துக்கு மேல இருந்துட்டீங்கன்னா ரெசிடென்ட் லைசென்ஸ் கிடைக்கும், நான்-ரெசிடென்ட்டை விட விலை ரொம்பக் குறைவு. லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), விசா நகலோட ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட அரை மணி நேரம் பேசிடுங்க. கடையில துப்பாக்கி வாங்கும்போது தர்ற 4473 படிவம் நிரப்புற வேலை வந்தா விசா நிலையைப் பத்தி நேரடியாவே கேப்பாங்க, அங்க தப்பான பதில் எழுதினா அதுவே தனிக் குற்றம்.

டாலஸ்_டப்பாஸ்
லைசென்ஸ் வர்ற வரைக்கும் என்ன பண்றது? சும்மா உக்காரணுமா?

ஆஸ்டின்_அண்ணாச்சி
மேட்ச் புத்தகத்தைப் படிக்கலாம். எந்த ஸ்டேஜ்ல எந்தத் துப்பாக்கியை எப்படிக் கீழ வெக்கணும்னு போட்டிருக்கும். புதுசா வர்றவங்க டி.க்யூ. (தகுதி நீக்கம்) ஆகுறது பெரும்பாலும் அங்கதான். ரைஃபிளை அதுக்குன்னு வெச்சிருக்குற பீப்பாய்ல போட்டுட்டு அடுத்ததுக்கு ஓடும்போது சேஃப்டி போட்டிருக்கணும், இல்லன்னா முழுசா காலியா இருக்கணும். குழாய் 180 டிகிரி கோட்டைத் தாண்டி பின்னால திரும்பினா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது.

லைசென்ஸ் வந்ததும் ரேஞ்சுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. மேட்ச்ல போடப்போற அதே குண்டு, அதே பெட்டி எண். ஸ்கோப் ரிங் திருகு 15-லிருந்து 18 இஞ்ச்-பவுண்டு, மவுண்ட் நட் தயாரிப்பாளர் சொன்ன அளவு. டார்க் ரெஞ்ச் இல்லாம கைக்கணக்குல முறுக்காதீங்க. முறுக்கினதும் திருகுத் தலைக்குக் குறுக்கா பெயிண்ட் பேனாவுல ஒரு கோடு. மேட்ச் நடுவுல ஜீரோ போன மாதிரி தோணினா அந்தக் கோடு விலகியிருக்கான்னு பாத்தாலே போதும். வட்டம் மட்டும்தான்னா 50 யார்டு ஜீரோ, அப்புறம் 200, 300-ல கட்டாயம் சுட்டுப் பாருங்க, கணக்கை மட்டும் நம்பாதீங்க. குண்டு வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டு போங்க. நுனியில ஒட்டினா பல ரேஞ்சுல உள்ளயே விடமாட்டாங்க. பச்சை நுனி எம்855-ம் அப்படித்தான், இரும்பு டார்கெட்டைக் குழி பண்ணிடும்.

ஷாட்கன்: உங்க அறிகுறிக்கு மச்சான் சொன்னதுதான் சரி. 1⅛ அவுன்ஸ், 7½ நம்பர் ரவை, பித்தளை அடி. கேரியர் நிறைய ஷெல்லோட இருக்கும்போதே சோதிங்க, காலியா சோதிச்சா மேட்ச்ல ஏமாத்தும். சோக் (குழாய் வாய்ல ரவை பரவுறதைக் கட்டுப்படுத்துற குறுக்கம்) இம்ப்ரூவ்ட் சிலிண்டர். 15, 20, 25 யார்டுல பெரிய காகிதத்துல ஒவ்வொரு குண்டு சுட்டு, 30 அங்குல வட்டம் போட்டு, திரள் நடு எங்க விழுதுன்னு பாருங்க. பீட் (குழாய் நுனியில இருக்குற குறி மணி) வெச்ச இடத்துக்கு மேல விழுற துப்பாக்கி உண்டு. ஸ்லக் (ரவைக்குப் பதிலா ஒரே பெரிய குண்டு) தனிக்கதை, அதே பார்வைக்கு வேற இடத்துல போகும். 50 யார்டுல 5 சுட்டு எழுதி வைங்க. ஃபுல் சோக் மாட்டிட்டு ஸ்லக் சுடவே கூடாது.

திருச்சி_ரேஞ்ச்_ஆபீசர்
பிஸ்டல்: 9 மி.மீ.ன்னா பல மேட்ச்ல பவர் ஃபேக்டர் (குண்டோட வலு அளவு) 125-க்குக் குறையக் கூடாது. கிரெயினை வேகத்தால பெருக்கி 1000-ஆல வகுக்கணும். 115 கிரெயின் 1100 அடியில போனா 126.5, குட்டை பேரல்ல இது தவறிடும். 124 கிரெயின் 1050 அடின்னா 130.2, நிம்மதியா இருக்கலாம். மேகசினுக்கு எல்லாம் எண் போடுங்க. முழுசா நிரப்பி, ஸ்லைடு மூடியிருக்கும்போது தள்ளிப் பாருங்க. மாட்டலன்னா அதுல ஒரு ரவுண்டு குறைச்சுப் போடுங்க. அடுத்தவங்க வீட்டுல ரீலோட் பண்ண குண்டு இலவசமா கிடைச்சாலும் வேண்டாம். சத்தம் மந்தமா கேட்டா அடுத்தது சுடாதீங்க, குண்டு பேரல்லயே நிக்கலாம்.

கடலூர்_பையன்
ரொம்ப நன்றி சார், அண்ணே. அவர் தம்பி வந்து எடுத்துட்டுப் போறாராம், பேசிட்டேன். கோர்ஸ் இன்னைக்கு ஆரம்பிக்கிறேன். அக்டோபர்ல ஊருக்கு வேற போகணும்.

நியூஜெர்சி_நாராயணன்
ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பையை ஊருக்குக் கொண்டு போகாதீங்க. அடியில ஒரே ஒரு உயிர்க் குண்டு தங்கியிருந்தாலும் சென்னை ஏர்போர்ட்ல ஆயுதச் சட்டத்துல வழக்கு போட்டிடுவாங்க, தெரியாம வந்துதுன்னு கோர்ட்ல நிரூபிக்கிறதுக்குள்ள லீவும் போகும், விசா ஸ்டாம்பிங் தேதியும் போகும். துபாய், தோஹா வழியா போறவங்களுக்கு அங்கயே மாட்டும். ஜாக்கெட் பையையும் உள்ள வெளிய திருப்பிப் பாருங்க, ஷாட்கன் ஷெல் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.