நெடுந்தீவின் குடிசனக் கணக்கும் ஊர் வரலாறும்: தேடியவர்களின் அனுபவப் பகிர்வு

யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்த தீவான நெடுந்தீவின் சனத்தொகையை ஒரே கோடாக வரைந்து, "வருடா வருடம் குறைந்து வந்தது" என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறோம். அந்தக் கோட்டின் நடுவில் பெரிய ஓட்டை இருக்கிறது. இலங்கையில் 1871 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். 1941இல் வரவேண்டியது போரால் 1946க்குத் தள்ளிப்போனது. 1991இல் எடுக்கவேயில்லை. 2001இல் எடுத்தபோதும் யாழ்ப்பாண மாவட்டத்தை முழுதாக எண்ண முடியவில்லை. ஆக 1981க்கும் 2012க்கும் இடையில் 31 வருடம் வெறுமை. சனம் இடம்பெயர்ந்து சிதறியதும் அந்த இடைவெளிக்குள்தான். இரண்டு புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால், திடீர் இடப்பெயர்வு மெதுவான தேய்வு போலத் தெரியும். இணைக்காமல் விடுங்கள்.

எண்ணிய முறையும் ஒன்றல்ல. 1981இல் கணக்கெடுப்பு இரவில் தங்கியவர் எண்ணப்பட்டார். 2012இல் வழமையாக வசிப்பவர். வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தங்கும் வெளியூர் மீனவர் முன்னையதில் வருவார், பின்னையதில் வரமாட்டார்.

வாக்காளர் இடாப்பை மாற்றாகப் பயன்படுத்தலாம், ஆனால் குடும்பங்களைத் தேட மட்டும். அதில் பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரும் இல்லை; ஊரைவிட்டுப் போனவர் பெயரும் சில வருடங்கள் நிற்கக்கூடும்.

*

குடும்பங்களைத் தேடுவது பற்றி இன்னும் கொஞ்சம். இங்கே முதலெழுத்து தகப்பன் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுவதால், "குடும்பப் பெயர்" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டாவது தலைமுறையிலேயே தடம் அறும். அதைவிட உறுதியான பிடி காணி உறுதி (நிலப் பத்திரம்).

உறுதியில் எல்லோரும் விற்றவர், வாங்கியவர் பெயரை மட்டும் பார்ப்பார்கள். முக்கியமான பகுதி கடைசியில் இருக்கும் காணி விபரம். காணியின் பெயர், பரப்பளவு (16 பரப்பு ஒரு ஏக்கர்), பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எல்லைகளில் யார் யார் காணி என்று எழுதியிருக்கும். பக்கத்துப் பக்கத்து உறுதிகள் நாலைந்தை வைத்து இந்த எல்லைகளைப் பொருத்தினால், அந்தக் காலத்தில் யாருக்குப் பக்கத்தில் யாருக்குக் காணி இருந்ததென்று வரைபடமே கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: எல்லையில் உள்ள பெயர் பழைய உறுதியிலிருந்து அப்படியே பார்த்தெழுதப்பட்டிருக்கலாம், அந்த ஆள் எப்போதோ இறந்திருப்பார். ஆகவே ஆண்டை நிச்சயிக்க அதை நம்பாதீர்கள்.

தேசவழமையில் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம்) சீதனக் காணி பெண்வழியாகவும் இறங்கும். தகப்பன், பாட்டன் என்று ஆண்வழியாக மட்டும் தேடுபவர் பாதிக் காணியைத் தவறவிடுவார். தாயின் சீதன உறுதியைக் கேளுங்கள். அதிலிருந்து அம்மம்மாவின் பக்கம் திறக்கும். "பிரிபடாத பங்கு" (பிரிக்காத பொதுக் காணியில் இத்தனையில் ஒரு பங்கு) என்று இருந்தால் சகோதரர் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு துப்பு கிடைக்கும்.

*

தரையில் பார்க்க வேண்டியது: சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள். வீடு விழுந்தாலும் வளவின் எல்லை நிற்கும். ஆனால் மதில் எல்லாம் வீட்டு மதில் அல்ல. ஆடுமாடு புகாமல் தோட்டத்தைச் சுற்றியும் கட்டினார்கள். உள்ளே கிணறோ அத்திவாரமோ இருந்தால்தான் குடியிருப்பாகக் கணக்கிடுங்கள்.

கிணற்றில் தண்ணீரின் சுவையையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. கூடுதலாக இறைத்தால் உவராகும். சாராப்பிட்டி போன்ற நன்னீர் இடங்களின் முக்கியத்துவம் அதனால்தான். மக்கள் ஏன் ஓரிடத்தில் நெருங்கியும் இன்னோரிடத்தில் ஐதாகவும் இருந்தார்கள் என்பதற்கு, என் பார்வையில், கோட்டைகளைவிடக் கிணறுகளே நல்ல பதில் தரும்.

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னமா பின்னமா, 1985 மே 15 குமுதினிப் பயணிகள் படகுப் படுகொலைக்கு முன்னமா பின்னமா என்று கேளுங்கள். இரண்டாவதை எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். அந்தப் படகில் உறவுகளை இழந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களாகவே பேச்சை எடுத்தால் மட்டும் தொடருங்கள்.

நெடுந்தீவை ஆண்டதாகச் சொல்லப்படும் வெடியரசன் கதையையும் ஒல்லாந்தர் காலச் செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதாமல், வாய்மொழிக்கு ஒரு கொப்பி, ஆவணத்துக்கு ஒரு கொப்பி வைத்தால் பிறகு குழப்பம் வராது.