கேரவான் டிரைலருக்கு பின்னாடி சாமான் பொட்டி மாட்டலாமா? எதுல புடிக்கறது, எப்டி பூட்டறது?

தொண்டியார்பேட்டக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மாதவரத்துல லாரி பாடி கட்டுற பட்டறை ஒண்ணுல சின்ன கேரவான் டிரைலர் செஞ்சு வாங்கியிருக்கோம், ஒரே ஆக்சில், சாமானோட 900 கிலோ கிட்ட வருது, ஸ்கார்பியோல இழுக்கறோம். பழவேற்காடு, ஏலகிரின்னு குடும்பத்தோட போவோம். உள்ள எடமே பத்தல, மடக்கு சேரு, தார்ப்பாய், தூண்டில் கம்பு, சோட்டு சிலிண்டர் (சின்ன கேஸ் சிலிண்டர்), ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் படுக்கைக்கு மேலயே கெடக்குது, கொழந்தைங்க படுக்கணும்னா எல்லாத்தையும் எறக்கி வெளிய வெக்கணும். அதனால பின்னாடி பம்பர்ல ஒரு பெரிய இரும்பு பொட்டி மாட்டி எல்லாத்தையும் அதுல போட்டு பூட்டிடலாம்னு பாக்கறேன். வண்டி நிக்கறது எங்க தெருவுலதான், வீட்ல எடம் இல்ல, ராத்திரி யாரும் ஒடைக்காம இருக்கணும், கடல் பக்கம்ங்கறதால துருவும் புடிக்கக்கூடாது. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

மணலி வெல்டர்:
ப்ரோ, பூட்டு அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல வெயிட்டு எங்க ஒக்காருதுன்னு பாருங்க. டிரைலர் மூக்கு, அதாவது கொக்கி மேல ஒக்கார்ற வெயிட்டு, மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் இருக்கணும், உங்க 900 கிலோவுக்கு 90ல இருந்து 135. இப்ப 100 கிலோ இருக்குன்னு வெச்சிக்கங்க. ஆக்சில்ல இருந்து ஒன்றரை மீட்டர் பின்னாடி 60 கிலோ பொட்டி தொங்கவுட்டீங்கன்னா, ஆக்சிலுக்கும் கொக்கிக்கும் நடுவுல 3 மீட்டர் இருந்தா, மூக்குல 30 கிலோ கொறஞ்சிடும், சீசா பலகை மாதிரி ஒரு பக்கம் அமுக்குனா இன்னொரு பக்கம் தூக்கும். மொத்தம் 960, மூக்குல 70, அதாவது 7 சதவீதம் சொச்சம். அந்த நெலமையில ஜிஎன்டி ரோட்டுல ஒரு கண்டெய்னர் லாரி பக்கத்துல வேகமா கடந்து போனாலே போதும், வால் ஆட ஆரம்பிக்கும், ஆட ஆரம்பிச்சா புடிச்சு நிறுத்தறது ரொம்ப கஷ்டம். கொழந்தைங்கள வெச்சிக்கினு அந்த ரிஸ்க் வேணாம்.

சரி எல்லாத்தையும் முன்னாடி ஏ-பிரேம்ல, அதாவது கொக்கிக்கு போற முக்கோண சட்டத்துல, வெச்சிடலாமான்னா அதுவும் கூடாது. கொக்கிக்கு அரை மீட்டர் பின்னாடி அதே 60 கிலோவ வெச்சா மூக்குல 50 ஏறும், 15 சதவீதத்த தாண்டிடும், ஸ்கார்பியோவோட பின்பக்கம் அமுங்கி முன் டயருக்கு புடிப்பு கொறையும். அதனால பிரிச்சு வெய்ங்க. ஜாக்கி, டூல்ஸ், தண்ணி கேன் மாதிரி கனமானது ஆக்சிலுக்கு நேர் மேல, கீழ தரையோட. முன்னாடி சின்ன பொட்டி, அதுல சிலிண்டர். பின்னாடி சேரும் தார்ப்பாயும் மட்டும். தூண்டில் கம்புக்கு 4 இஞ்சு பிவிசி பைப்ப கூரை ஓரமா கிளாம்ப் போட்டு வெச்சிடுங்க, வெயிட்டே இல்ல.

எல்லாம் ஏத்தினப்புறம் மணலி பக்கம் எடை மேடையில மொத்தம் பாத்துடுங்க. மூக்கு எடைக்கு சமதரையில டிரைலர கழட்டி, கொக்கிக்கு கீழ ஒரு கட்டை குடுத்து 150 கிலோ தராசு மேல எறக்குனா தெரிஞ்சிடும்.

இன்னொன்னு, பம்பர நம்பாதீங்க. நெறைய டிரைலர்ல அது மெல்லிசு ஸ்கொயர் பைப்பு, ரெண்டு பக்கமும் வெறும் வெல்டிங்லதான் நிக்குது, குழியில எறங்கி ஏறும்போது அந்த வெல்டிங்தான் மொதல்ல விரியும். சேஸ்ல இருந்து தனியா ஆங்கிள் எடுத்து அது மேல பொட்டிய ஒக்கார வைங்க. சேஸ்ல ஓட்டை போடணும்னா பக்கவாட்டு நடுவுலதான் போடணும், மேல் பட்டையிலயும் கீழ் பட்டையிலயும் போடாதீங்க, வளையற பாரத்த தாங்கறது அதுங்கதான். ஓட்டையே வேணாம்னா யூ போல்ட்டு போதும். ஸ்பிரிங் வாஷர விட உள்ள நைலான் வளையம் இருக்கற நைலாக் நட்டு நல்லது, கழண்டு வராது.

காசிமேடு ஃபைபர்:
வெல்டர் அண்ணன் சொன்னது கரெக்ட். நான் துரு பத்தி சொல்றேன். எண்ணூர்ல இருந்து ராயபுரம் வரைக்கும் உப்புக்காத்து, சாதா இரும்பு பொட்டிக்கு பெயிண்டு எவ்ளோ அடிச்சாலும் வெல்டிங் ஓரத்துல மொதல்ல கிளம்பிடும். காசிமேட்டுல ஃபைபர் போட் வேலை பாக்கற ஆளுங்க கிட்ட அளவு குடுத்தா ஃபைபர்லயே பொட்டி செஞ்சு தருவாங்க, லேசு, துருவே கெடையாது. போல்ட்டு வர்ற எடத்துல மட்டும் உள்ள பிளேட் வெச்சு கட்டச் சொல்லுங்க, இல்லன்னா அதிர்ச்சியில ஃபைபர் கிழியும்.

போல்ட்டு, கீலு எல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகம் வாங்குங்க. 304 மலிவுதான், ஆனா 316ல மாலிப்டினம் கலந்திருக்கறதால உப்ப நல்லா தாங்கும். செம்புதாஸ் தெரு கடைங்கள்ல கேட்டுப் பாருங்க. அலுமினியம் பொட்டின்னா எஸ்எஸ் போல்ட்டு நேரா அதுல படக்கூடாது, நடுவுல நைலான் வாஷர் போடுங்க, உப்பு ஈரத்துல ரெண்டும் சேந்தா அலுமினியம் அரிச்சிடும். மூடிக்கு ரப்பர் பீடிங் போட்டாலும் அடியில தண்ணி போக சின்ன ஓட்டை கண்டிப்பா வேணும், இந்த ஊரு ஈரத்துக்கு உள்ளயே வேர்த்து ஊறிடும்.

வியாசர்பாடி கோபி:
சிலிண்டர் விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க சார். கேஸ் காத்த விட கனம், லீக் ஆனா கீழதான் தேங்கும், அதனால சிலிண்டர் பொட்டிக்கு அடியிலயே காத்து போற ஓட்டை பெருசா இருக்கணும், சிலிண்டர் நிமிந்து நிக்கணும், பெல்ட்டு போட்டு கட்டணும். பேட்டரியும் அதே பொட்டியில வேணவே வேணாம், ஒரு ஸ்பார்க் போதும்.

திருட்டுக்கு, தொங்கற பூட்ட விட வளையம் வெளிய தெரியாத வட்டப் பூட்டு வாங்குங்க, கம்பி வெட்டற கட்டர் உள்ள நொழையாது. கொண்டி மாட்டற போல்ட்டு வெளிய உருண்டை தலையா, நட்டு பொட்டிக்கு உள்ள வர்ற மாதிரி இருக்கணும். வெளிய நட்டு தெரிஞ்சா பூட்ட தொடாமயே ஸ்பானர்ல கழட்டிடுவான். கீல் பின்னையும் ஒரு பொட்டு வெல்டு வெச்சிடுங்க. முழு டிரைலரையே இழுத்துக்கினு போறவனும் இருக்கான், கொக்கிக்கும் சக்கரத்துக்கும் தனித்தனி பூட்டு போடுங்க.

பின்னாடி பொட்டி வெச்சா நம்பர் பிளேட்டு, பிரேக் லைட்டு, இண்டிகேட்டர் மறையக்கூடாது, செவப்பு ரிப்ளெக்டர் டேப் ஒட்டுங்க. நெரந்தரமா வெல்டு அடிக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கங்க. ஆர்சில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்தறது மோட்டார் வாகன சட்டம் 52ஆவது பிரிவுல வருது, நாளைக்கு ஒரு ஆக்சிடெண்ட்னா இன்சூரன்ஸ்காரன் அதத்தான் மொதல்ல பாப்பான்.

தொண்டியார்பேட்டக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், பின்னாடி பெரிய பொட்டி ஐடியாவ விட்டாச்சு. ஞாயித்துக்கெழம மூக்கு எடை பாத்துட்டு ஃபைபர் பொட்டிக்கு அளவு எடுக்கறேன். கோபி சார், சிலிண்டர் பொட்டி அடியில காத்து ஓட்டை போட்டா மழையில ரோட்டு தண்ணி மேல அடிக்காதா?

வியாசர்பாடி கோபி:
அடிக்கும். ஓட்டைக்கு கீழ ரெண்டு இஞ்சு எடம் விட்டு ஒரு தகடு தொங்கவுடுங்க, ஓட்டையில எஸ்எஸ் வலை வைங்க. தண்ணி தகட்டுல பட்டு போயிடும், காத்து பக்கவாட்டுல போகும். வலையில சேறு அடைச்சிருக்கான்னு மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க.